ணா

ஷேகு மதார் எழுதிய எண்பத்து மூன்று நாவல்களில்
கொலைகாரன் யாரென்று
கடைசி பாரம் வரைக்கும் அவருக்கே தெரியாது.
எனக்குத் தெரியும்.
பினாங்கு வீதி, வாவன்னா ராவுத்தர் அச்சுக்கூடம்,
எழுத்துப்பெட்டி முன்னால் நின்ற சவரிராயன் நான்.

பகலில் அவர் துறைமுகக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை.
தொங்கானிலிருந்து இறங்கும் பாக்கு மூட்டை
ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு.
அந்தச் சீட்டின் முதுகில்தான் லண்டன் இருந்தது.
லண்டனை அவர் பார்த்ததில்லை;
பினாங்கு மலையில் விடியலில் இறங்கும் பனியை எடுத்து
தேம்ஸ் ஆற்றின்மேல் போர்த்திவிடுவார்.
துப்பறியும் அமிர்தசாமி துரை சுருட்டோடு
அந்தப் பனிக்குள் நுழைந்து
சூலியா தெருவில் புரோட்டா தின்றது மூன்றாம் நாவலில்.
யாரும் கேட்கவில்லை.

பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரத்துக்கு இரண்டு வெள்ளி.
வருஷத்துக்கு ஆறு, ஏழு.
மனைவி இரட்டைப் பிள்ளை பெற்ற வருஷம் பதினொன்று.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கழுத்து நெரிபட்ட பூங்கோதை
பத்தொன்பதில் மல்லிகை சூடி வந்தாள்.
பாகான் செராய் தோட்டத்துக் கிராணி கடிதம் போட்டார்:
‘லயத்தில் அறுபது பேர் அழுதோம் ஐயா, இதென்ன கணக்கு?’
அடுத்த புத்தகத்தில் அவளுக்கு ஒரு தங்கை, அதே முகம்.
அதற்கும் அடுத்ததில் தங்கைக்கும் ஒரு தங்கை.

அவசரமென்றால் சைக்கிளைவிட்டு இறங்காமலே கத்துவார்:
‘சவரி, என்ன எழுத்து மிச்சம்?’
பெட்டியைப் பார்ப்பேன்.
ழ இருபதுதான். ஆகவே வாழவந்தான் குற்றமற்றவன்.
ணா, வால் சுருண்ட அந்தப் பழைய ணா,
நாலே நாலு; அதிலும் ஒன்று மொட்டை.
கொலைகாரன் பெயரோ கடைசி பாரத்தில்
நாற்பது தடவை வரும்.
கண்ணாயிரம் கத்தியோடு பிடிபட்டவன்,
சட்டையில் ரத்தம், பையில் கொலுசு.
ஐந்து நாவலில் அப்படி. ஐந்திலும் விடுதலை.
ப நிறைய இருந்தது. ர இருந்தது.
பாவம் பரமசிவம்,
எத்தனை தடவை தூக்கில் தொங்கினான்.

ஆச்சரியக்குறி தீர்ந்துபோன ஓர் இரவில்
ஒரு பெண் அலறாமல் செத்தாள்.
அவர் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.
அவரிடம் சொன்னதில்லை.

எண்பத்து நாலாவதை வாரம் ஒரு பாரமாக விற்றோம்.
ஏழு தோட்டங்களுக்குப் போயாயிற்று,
எட்டாவது கல்லில் ஏறவேண்டும்.
டிசம்பரில் விமானங்கள் வந்தன.
ஜனங்கள் வேடிக்கை பார்க்க வீதிக்கு இறங்கி நின்றார்கள்.
மறுநாள் ராவுத்தர் கூடத்தில்
ஈயம் தரையோடு ஒழுகி ஆறியிருந்தது,
எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாக.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி மூட்டை எண்ணினார் மதார்.
சீட்டின் முதுகு வெறுமனே கிடந்தது.

நாற்பத்தேழில், பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெர்ரியில்
அவர் பெயரை யாரோ சொல்லக் கேட்டு
எதிர்ப் பலகையில் ஒருத்தி எழுந்து வந்தாள்.
சேலையில் கித்தாப்பால் கறை.
ஏழு பாரமும் அவளுக்கு மனப்பாடம். புருஷன் வாசித்துக் காட்டியது.
சயாம் ரயில் வேலைக்குப் போனவன்.
‘மீதியை வந்து படிக்கறேன்னாரு.
செட்டியாரைக் கொன்னது யாருங்க?’

மதார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே
என்னைக் கைகாட்டினார்.
‘இவனைக் கேளுங்க.’

பெட்டி இல்லை. கட்டை இல்லை.
தீர்ந்துபோக ஒன்றுமே இல்லை.
‘கண்ணாயிரம்’ என்றேன்.

‘நெனச்சேன்’ என்றாள்.
‘அவருதான் பரமசிவம்னு சாதிச்சாரு.’